வரவுப் பக்கம் காலியாக இருக்கிறதே!

கேள்வி: கிரேக்க மொழியில் அரிசி, இஞ்சி, மிளகு ஆகியவற்றின் பெயர்கள் தமிழிலிருந்து போனவை. இப்படி 400 சொற்களைப் பட்டியலிட்டு உங்கள் இதழுக்கு அனுப்பினேன். கிரேக்கத்துக்கே தாய் தமிழ்தான் என்பது அதில் தெளிவாகிறது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதைத் திட்டமிட்டு மறைக்கிறார்கள். நீங்களும் தொடராக வெளியிடாமல் மௌனம் சாதிக்கிறீர்கள். ஏன்?
— வாசகர் ஒருவர், தேனி

பதில்: பட்டியல் வந்து சேர்ந்தது. மௌனம் சாதிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 400 சொல் என்றால் சும்மாவா? எல்லாவற்றையும் இங்கே அலச இடமில்லை. நீங்களே முன்வரிசையில் நிறுத்தியிருக்கும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

இஞ்சியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டியாஸ்கொரிடீஸ் அதை 'ஸிங்கிபெரிஸ்' என்கிறார். பாலி மொழியில் அது 'சிங்கிவேர'. அதற்குள் நம் இஞ்சியும் வேரும் இருப்பது மொழியியலாளர்களுக்குத் தெரிந்த செய்திதான். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் 'இஞ்சி'யைப் புரட்டினால் பாலிச் சொல்லும் கூடவே இருக்கும். இருவரும் மேலைநாட்டார். மறைக்க நினைக்கிறவர்கள் அகராதியில் போட்டா அச்சடிப்பார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சொல் கொற்கையில் கப்பலேறி நேரே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்கவில்லை. வடபுலத்து வணிகர்களின் வாயில் புகுந்து, உருமாறித்தான் போயிருக்கிறது.

மிளகு உங்களைக் கைவிடுகிறது. கிரேக்கரின் 'பெபெரி' நம் 'மிளகு'மில்லை, மிளகின் பழந்தமிழ்ப் பெயரான 'கறி'யுமில்லை. 'பிப்பலி' என்ற வடசொல். அதாவது திப்பிலி. கங்கைப் பக்கத்துத் திப்பிலிதான் அவர்களுக்கு முதலில் அறிமுகம். பிறகு சேரநாட்டு மலை மிளகு மூட்டை மூட்டையாகப் போனபோது பழைய பெயரையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். சரக்கு நம்முடையது, பெயர் அடுத்த வீட்டுக்காரருடையது.

அரிசி? அலெக்சாந்தரின் படையோடு வந்த அரிஸ்டோபுலஸ், பாத்தியில் நீர் கட்டி நெல் விளைவிப்பதை வருணித்து, அது பாக்ட்ரியாவிலும் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) பாபிலோனியாவிலும் (இன்றைய ஈராக் பக்கம்) கூட விளைகிறது என்று எழுதியதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்துக்காட்டுகிறார். இது கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். கிரேக்க மாலுமிகள் பருவக்காற்றைப் பிடித்து இந்தியக் கரைக்கு நேரே வரத் தொடங்க இன்னும் இருநூறு ஆண்டுகள் பாக்கி. நெல்லும் அதன் பெயரும் தரைவழியில், ஈரானிய மொழி பேசியவர்கள் மூலம் கிரேக்கரை எட்டின என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. தமிழ்ச் சொல்லுக்கு வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் உங்களுக்கு நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ள முடியாது.

ஆக, மூன்று சொல்லுக்கு மூன்று வழி. உங்கள் பட்டியலிலோ 400 சொல்லும் ஒரே வழியில் போகின்றன. எந்த நூற்றாண்டில், எந்த நூலில், யார் கைமாறிப் போயிற்று என்று ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்து 'மறைக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு. இதைப் படித்தபோதுதான் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது.

எகிப்தில் செங்கடல் ஓரம் குஸைர் அல்-கதீம் என்று ஓர் இடம். பழைய மியோஸ் ஹார்மோஸ் துறைமுகம். அங்கே சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கிடைத்த ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் 'கணன்', 'சாதன்' என்று இரண்டு பெயர்கள். பின்னர் பிரிட்டனின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது ஒரு பெரிய பானையின் உடைந்த பகுதி கிடைத்தது. அதில் இரண்டு இடத்தில் ஒரே வாசகம்: 'பானை ஒறி'. உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள் கண்டு 2007இல் அறிவித்தவர் சென்னையில் இருந்த ஐராவதம் மகாதேவன். பானை இந்தியாவில் வனைந்தது என்று உறுதிசெய்தவர் பிரிட்டிஷ் மியூசியத்தோடு தொடர்புடைய மட்கல ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர். அரசன் பெயரோ புலவன் பெயரோ இல்லை. இன்ன பானை இன்னதற்கு என்று யாரோ கீறி வைத்த குறிப்பு. நம் வீட்டுக் கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவோமே, அந்த மாதிரி. ஏட்டில் எழுதாத சாதாரண மனிதரும் எழுத்தறிந்திருந்தார் என்பதற்கும், அவர் பானை செங்கடல் வரை போயிற்று என்பதற்கும் இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதற்குத் தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 'கொறபூமான்' என்று கீறிய ஓடு 1995இல் கிடைத்தது. அதே ஊரில் செராபிஸ் கோயில் முற்றத்தில் பதித்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோவுக்குக் குறையாத மிளகு அப்படியே இருந்தது. அங்கே பல ஆண்டுகள் வெயிலில் காய்ந்தவர்கள் அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகக்காரர்கள். ஓமான் நாட்டின் கோர் ரோரியில் 'கீரன்' என்ற பெயர் தாங்கிய ஓட்டைத் தோண்டியெடுத்தவர்கள் இத்தாலியர். மறைக்கிறவர்கள் செய்கிற வேலையா இது?

வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் (எகிப்திய நாணல் தாள்) ஒன்றையும் உங்கள் கடிதம் தொடவேயில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடன் ஒப்பந்தம் அது, 1985இல் பதிப்பித்தார்கள். ஒரு பக்கத்தில், முசிறிக் கடனுக்குப் பிணையான சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து நைல் கரையிலிருக்கும் கோப்டோஸ் சேர்த்து, அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்குக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற நிபந்தனைகள். மறுபக்கத்தில் ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சில் (நறுமண வேர்), தந்தம், இன்னும் சில. அதில் காட்டிய மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). அரசுக்கு வரி நாலில் ஒரு பங்கு. இந்த ஒப்பந்தம் முசிறியிலேயே கையெழுத்தானதா, அலெக்சாந்திரியாவிலா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். முசிறியில்தான் என்றால், கிரேக்கச் சட்டம் தெரிந்த எழுத்தர்கள் சேரநாட்டில் குடியிருந்தார்கள் என்றாகிவிடும். சண்டை போட வேண்டிய இடம் இது. இதன் பக்கத்தில் அகநானூற்றின் 149ஆம் பாட்டை வைத்துப் படியுங்கள்: 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' முசிறி. இங்கே புலவர் இரண்டே அடியில் சொன்னதற்கு அங்கே கணக்கப்பிள்ளை பைசா சுத்தமாக ரசீது வைத்திருக்கிறார்.

மேலைநாட்டார் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ரோமானிய வணிகம்தான் அந்த ஊரையே எழுப்பியது என்ற ரீதியில் எழுதினார். பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி ஆராய்ந்தார். யவனர் கால்வைக்கும் முன்பே அங்கே ஊர் இருந்ததும், அயல்சரக்கென்று வீலர் கருதிய ரூலெட் மட்கலங்கள் (உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளிக் கோலம் பதித்தவை) இந்தியாவிலேயே செய்தவை என்பதும் தெரியவந்தன. தவறு திருந்தியது மண்வெட்டியால். வீலரைத் திட்டி யாராவது பட்டியல் போட்டதால் அல்ல.

ஒலி ஒற்றுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றில் கிரேக்க நகைச்சுவை நாடகம் இருக்கிறது. இந்தியக் கரையில் சிக்கிய சாரிதியோன் என்ற கிரேக்கப் பெண்ணை, அந்நாட்டு மன்னனுக்குக் குடிக்கக் கொடுத்து மயக்கிவிட்டு மீட்டுப்போகிறார்கள். மன்னனும் ஆட்களும் புரியாத ஏதோ பாஷை பேசுகிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பதிப்பித்த ஹூல்ட்ஷ், அது கன்னடம் என்று 1904இல் எழுதினார். கன்னட அறிஞர் சிலர் ஆனந்தமாக வழிமொழிந்தார்கள். ஆங்கிலேய அறிஞர் பார்னெட் 1926இல் மறுத்தார். 1985இல் இன்னொருவர், இல்லை, துளு என்றார். கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றான ஹல்மிடிக் கல்வெட்டே 5ஆம் நூற்றாண்டுதான். அதற்கு முந்நூறு ஆண்டு முன்பு வாய்ப்பேச்சு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அரங்கத்தைச் சிரிக்கவைக்க நாடகக்காரர் உளறிய உளறலாகவும் இருக்கலாம். தமிழ் என்று நிரூபிக்க நம்மவர் யாராவது இந்நேரம் பேனா எடுத்திருப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரபிக்கடலில் சொகோத்ரா தீவின் ஹோக் குகைச் சுவர்களில் இந்திய மாலுமிகள் ஏராளமாகப் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் குஜராத்தின் பரூச் பக்கத்து ஆட்கள். கடலில் நாம் மட்டும் போகவில்லை.

இனி, உங்கள் பட்டியலில் எனக்குப் பெரிய குறை. 400 சொல்லும் 'போன' சொற்கள். 'வந்த' சொல் ஒன்றுகூட இல்லை. முல்லைப்பாட்டில் நப்பூதனார், அரசனின் பாசறையைக் காக்கும் யவனரைக் காட்டுகிறார்: 'மத்திகை வளைஇய மறிந்துவீங்கு செறிவுடை', மெய்ப்பை (சட்டை) போட்ட உடம்பு, பயமுறுத்தும் தோற்றம். அந்த மத்திகை, கிரேக்கரின் சாட்டைப் பெயரான 'மாஸ்டிக்ஸ்' என்று பல அறிஞர் சொல்வார்கள். சாட்டை வைத்திருந்தவனும் கிரேக்கன், சாட்டையின் பெயரும் கிரேக்கம். வேறென்ன பொருத்தம் வேண்டும்? சோதிடத்தில் வரும் ஓரை, கோட்டைச் சுருங்கை (சுரங்க வழி) இவற்றையும் அதே வரிசையில் வைப்பார்கள். இவை இரண்டும் வடமொழியிலும் உண்டு. முந்நூறு ஆண்டு கொடுக்கல் வாங்கல் நடத்தியவன் பேரேட்டில் பற்று மட்டும் இருந்து வரவு இல்லையென்றால் கணக்காயர் என்ன நினைப்பார்?

தொடர் விஷயத்துக்கு வருகிறேன். 'தாய்' என்ற சொல்லுக்கு மொழியியலில் பொருள் உண்டு. சரக்கோடு நாலு பெயர் போனதால் ஒரு மொழி இன்னொன்றுக்குத் தாயாகிவிடாது. அந்தத் தலைப்பில் தொடர் போடமாட்டேன். வியன்னா ஒப்பந்தத்தின் இரு பக்கங்களையும் கிரேக்க மூலத்திலிருந்து வரிக்கு வரி தமிழாக்கி, சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டி, குறிப்பெழுதித் தர யாராவது முன்வந்தால் பத்து இதழுக்குப் பக்கம் ஒதுக்குகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்த்தால் போதுமா என்று கேட்காதீர்கள். போதாது.