மகாலட்சுமி மைதானமும் குதிரைகளும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பைப் படித்தேன். அந்த மைதானத்தில் வரப்போகும் பூங்காவில் குதிரைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், குதிரையேற்றப் பயிற்சியும் லாயங்களும் அங்கேயே தொடர வேண்டும், அது ஒரு பாரம்பரியம் என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

நான் செம்பூர்வாசி. ஆபீஸ் லோயர் பரேலில். இந்த ஊரில் பிள்ளைகள் பந்து விளையாட இடம் கிடையாது. தாராவியில் என் சித்தப்பா வீட்டுச் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போகமுடியும். 120 ஏக்கர் மக்களுக்குக் கிடைக்கிறது என்றால் அதில் எதற்குக் குதிரை? பணக்காரர்களின் பொழுதுபோக்கு அது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். ரேஸில் அழிந்த குடும்பம் ஒன்றாவது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விக்டோரியா என்கிற குதிரை வண்டிகளைக் கோர்ட் நிறுத்தியபோது நீங்கள் வரவேற்றீர்கள். சென்னையில் கிண்டி ரேஸ்கோர்ஸைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டபோதும் சரி என்றே எழுதினீர்கள். மகாலட்சுமி என்றதும் மட்டும் பாரம்பரியம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவையும் எழுதிவிட்டு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. குதிரை ஏற வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

எம்., செம்பூர்

*

அன்புள்ள எம்.,

முதலில் நிலக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மைதானம் மொத்தம் 211 ஏக்கர். ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்பின் குத்தகை 2013லேயே முடிந்துவிட்டது. அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் இழுபறி. 2024இல்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 120 ஏக்கர் பூங்காவுக்காக மாநகராட்சிக்கு, மீதி 91 ஏக்கர் 2053 வரை கிளப்புக்கே குத்தகை. கோஸ்டல் ரோட்டுக்காகக் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தையும் சேர்த்து, கிட்டத்தட்ட 300 ஏக்கரில் ‘சென்ட்ரல் பார்க்’ வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். நான் அந்த 120 ஏக்கரையும் குதிரைக்குக் கேட்கவில்லை. ஓரமாக ஒரு மண் பாதை, ஒரு பயிற்சித் திடல், அதை ஒட்டி லாயம். உங்கள் சித்தப்பா பேரன் பந்து விளையாட அதற்குப் பிறகும் ஏராளமாக இடம் இருக்கும்.

இந்த மூன்றில் எதையாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் லாயத்தைத்தான் கேட்பேன். பாதையைப் பிறகுகூடப் போட்டுக்கொள்ளலாம்.

பெயரை நியூயார்க்கிலிருந்து எடுத்திருப்பதால் அங்கே என்ன நடந்தது என்றும் பார்த்துவிடலாம். அந்தப் பூங்காவைத் திட்டமிட்டவர்கள் குதிரை போவதற்கென்றே தனிப் பாதைகள் அமைத்தார்கள். பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் பல மாடிக் கட்டடம் ஒன்றில் கிளேர்மான்ட் என்று ஒரு லாயம், நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. குதிரை ஏறத் தெரிந்த யார் வேண்டுமானாலும் வாடகைக்குக் குதிரை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் போகலாம். 2007இல் அதை மூடினார்கள். குதிரைப் பாதையை யாரும் மூடவில்லை, அது இன்றைக்கும் இருக்கிறது. காலையில் ஜாகிங் போகிறவர்களுக்கு அருமையான பாதை. குதிரையைத்தான் தேட வேண்டும். லண்டன் ஹைட் பார்க்கில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட ராட்டன் ரோ என்ற மண் பாதையில் மட்டும் இன்னும் குதிரைகள் ஓடுகின்றன. அங்கே பூங்காவை ஒட்டியே ராணுவக் குதிரைப்படையின் கொட்டடி இருக்கிறது, பக்கத்துச் சந்தில் வாடகைக் குதிரை லாயமும் இருக்கிறது.

நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். வரைபடத்தில் பச்சை மையில் ஒரு கோடு இழுத்து ‘குதிரைப் பாதை’ என்று எழுதுவார்கள். அதன் மேல் பேவர் பிளாக் பதிப்பார்கள். பக்கத்து மலையூரான மாத்தேரானில் இதே பேவர் பிளாக் விவகாரத்துக்காகத்தான் குதிரைக்காரர்கள் கோர்ட் வரை போனார்கள். மழையில் நனைந்த கல்லில் லாடம் அடித்த குளம்பு வழுக்கும், குதிரையோடு சேர்ந்து ஏறியவரும் விழுவார். குதிரைக்கு மண் வேண்டும். அந்த மண்ணும் சும்மா கிடக்கக்கூடாது, தினமும் கிளறி, தண்ணீர் தெளித்து, பதமாக வைத்திருக்க வேண்டும். பூங்காவுக்கு அடியில் பார்க்கிங் கட்டுவதைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல் கொட்டிய மண்ணும் பூமியோடு ஒட்டிய மண்ணும் ஒன்றல்ல, அதிலும் பம்பாய் மழைக்கு.

காலா கோடாவில் 2017இல் ஆளில்லாத வெண்கலக் குதிரை ஒன்றைப் புதிதாக நிறுத்தியிருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். மாநகராட்சிக்குச் சௌகரியமான குதிரை அதுதான். கொள்ளு கேட்காது, சாணி போடாது.

‘வெள்ளைக்காரன் விட்டுப்போனது’ என்கிறீர்கள். பைகுல்லாவில் நடந்துகொண்டிருந்த பந்தயத்தை 1883இல் மகாலட்சுமியின் சதுப்பு நிலத்துக்கு மாற்றியது அவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மராட்டிய மண்ணில் நின்றுகொண்டு குதிரையே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். பீமா நதிக்கரையில் வளர்ந்த பீம்தடி குதிரைகளின் முதுகில் நடந்த போர்கள்தான் இந்த மாநிலத்தின் பாதி வரலாறு. அந்த இனத்தை அண்மையில்தான் தனி இனமாகப் பதிவுசெய்தார்கள். பூங்காவில் நாலைந்து பீம்தடி குதிரைகளை வைத்தால் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கப் பலகை எழுதவும் விஷயம் இருக்கும்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். ராஜா வருஷந்தோறும் அரேபியா, பாரசீகப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார். கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. காரணம், குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர், லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. விற்கிற வியாபாரிகளும் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட அழைத்து வருவதில்லை, அவர்கள் வந்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துவிடுமே. தீனியாகச் சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்களாம். பாண்டியனிடம் பணத்துக்குக் குறைவில்லை. ஐயனாருக்கு ஆளுயர மண் குதிரை செய்து நிறுத்துகிற கலையும் நமக்குக் கைவந்தது. உயிருள்ள குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள் மட்டும் இல்லை.

நான் பாரம்பரியம் என்று எழுதியது அந்த ஆளை நினைத்துத்தான். பந்தய நாளில் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறவர்களை நினைத்து எழுதவில்லை.

மகாலட்சுமி லாயத்தில் எனக்குப் பழக்கமான சாயிஸ், அதாவது குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர், ஒருவர் இருக்கிறார். வேளச்சேரிக்காரர், கிண்டி லாயத்தில் பையனாகச் சேர்ந்து வேலை கற்றவர். அவர் சேணம் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வயிற்றுப் பட்டையை இறுக்கியவுடனே ஏறச் சொல்லவில்லை. கடிவாளத்தைப் பிடித்து நாலடி நடத்திவிட்டு மறுபடி இரண்டு துளை இறுக்கினார். “கட்டும்போது மூச்சை இழுத்து வயித்த உப்பிக்கும் சார். நம்மளை ஏமாத்துதாம். இப்படியே ஏறினா திருப்பத்துல சேணத்தோட ஆளும் சரிஞ்சு போயிடுவாங்க” என்றார். சொல்லிக்கொண்டே முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக் குளம்பின் பள்ளத்தைக் கொக்கியால் சுரண்டினார். உள்ளே சின்னக் கல் ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு, குளம்பு சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டால் உள்ளே வீக்கம் இருக்கலாம், அன்றைக்கு அந்தக் குதிரை வெளியே போகாது.

லாடம் அடிக்கிறவரை இங்கே நால்பந்த் என்பார்கள். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரைக்கும் அவர் வந்தாக வேண்டும். பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, புது லாடத்தை வைத்துப் பார்த்து, மறுபடி ராவி அப்புறம்தான் ஆணி. ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளி இறங்கினாலும் குதிரை நொண்டும். இந்த வேலையைக் கூட இருந்து வருஷக்கணக்கில் பார்த்துப் பழகினால்தான் கை வரும். இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் எல்லாம் அந்த மைதானத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மிருகவதை பற்றி. விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். தார் ரோட்டில், காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், நள்ளிரவு வரை வண்டி இழுப்பது குதிரைக்கு நரகம். ஆனால் மண் தரையில், நிழலில், வேலை நேரம் கணக்குப் பார்த்து, வைத்தியர் கண்ணில் பட்டபடி நிற்கும் குதிரையை அதோடு சேர்க்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. பந்தயக் குதிரையின் ஓட்டம் ஏழெட்டு வயதில் முடிந்துவிடும். ஆயுசோ இருபது, இருபத்தைந்து வருஷம். மீதிக் காலத்துக்கு அது எங்கே போகும்? அதிர்ஷ்டம் இருந்தால் குதிரையேற்றப் பள்ளிக்குப் போகும். இல்லாவிட்டால் பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவில் மாப்பிள்ளையைச் சுமக்கும், அதற்கும் கீழே போகிற இடங்களும் உண்டு. பள்ளியை மூடினால் மூடப்படுவது அந்த நல்ல கதிதான்.

ரேஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1974இல் தமிழ்நாடு அதைத் தடைசெய்து சட்டம் போட்டது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்ததால் தாலியை அடகு வைத்தவர்களுக்குத் தாலி திரும்பி வந்துவிடவில்லை. என் சங்கடம் வேறு. இங்கே குதிரை வைத்தியரும் நால்பந்தும் வைக்கோல் வியாபாரமும் நடப்பது பெரும்பாலும் பந்தயப் பணத்தில்தான். ரேஸ் நொடித்தால் குதிரையேற்றமும் கூடவே போகும். 2053 வரை குத்தகை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க முடியாது. அதனால்தான் பூங்காவின் பங்கிலேயே, மாநகராட்சிப் பொறுப்பில், சின்னதாக ஒரு லாயம் வேண்டும் என்கிறேன். பெட் கட்டும் பணத்தோடு சம்பந்தமே இல்லாமல் அது நடக்க வேண்டும்.

கிண்டி விஷயத்துக்கும் இதுதான் பதில். 160 ஏக்கர் அரசு நிலம், 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி, 2024 செப்டம்பரில் சீல் வைத்தார்கள். எடுத்தது சரி. அங்கே குளம் வெட்டியதும் சரி, மழைக்காலத்தில் வேளச்சேரிக்காரர்கள் வாழ்த்துவார்கள். ஆனால் அந்த நிலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் லாயத்துக்குள் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் எத்தனை பேர்?

மகள் விஷயத்தில் கூச்சம் எதற்கு? ரேஸ்கோர்ஸுக்குள்ளேயே 1942இலிருந்து அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் இருக்கிறது. பந்தயத்துக்கு இல்லாமல் ஏறிப் பழகுவதற்கென்றே ஏற்பட்டது. செலவு சல்லிசு என்று பொய் சொல்லமாட்டேன். முதலில் குறுகிய காலப் பயிற்சி எதுவும் நடக்கிறதா என்று விசாரியுங்கள், பெரிய தொகை கட்டுவதையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். பூட்ஸ் வாங்கப் போகாதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். முழுக்கால் பேண்ட், கொஞ்சம் குதி வைத்த ஷூ போதும். குதி இல்லாவிட்டால் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்துக்குள், கால் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஹெல்மெட் இல்லாமல் ஏறவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். முதல் சில வகுப்புகளில் யாராவது கயிற்றைப் பிடித்து நடத்துவார்கள், அவ்வளவுதான். ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று உங்களுக்குத் தோன்றும், அவளுக்குத் தோன்றாது.

பணக்காரர் விளையாட்டு என்று நீங்கள் சொல்வது இந்த இடத்தில் நிஜம். 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் பயிற்சிப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியதே, அந்த அணியில் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். அது எல்லோராலும் ஆகிற காரியமா? பொது இடத்தில் லாயம் வந்தால் முதலில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரம் எழுதிவைக்க வேண்டும் என்று நான் கேட்பதும் அதனால்தான். மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகளே எத்தனை இருக்கின்றன! நிலத்தை வாங்கும்போது பொதுநலன் என்று பேசுகிற மாநகராட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றால் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் குதிரைக்கு மட்டும் உள்ள குணமில்லை.

பூங்காத் திட்டத்துக்கு மாநகராட்சி எப்போது கருத்துக் கேட்டாலும் நீங்கள் அவசியம் எழுதுங்கள். குதிரையே வேண்டாம் என்றுதான் தோன்றினால் அப்படியே எழுதுங்கள். கூடவே இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓரத்துப் பாதை மண்ணா, கல்லா? லாயத்தில் இப்போது வேலை பார்க்கிறவர்களுக்கு என்ன ஏற்பாடு? நானும் இதையே எழுதப்போகிறேன், மராத்தியில். தமிழில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?

அன்புடன்