கிராம்பு மலைக்கு 31 லட்ச ரூபாய் பிக்கப் தேவையா?

கேள்வி: ஐயா, வணக்கம். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் ரப்பர், கீரிப்பாறைக்கு மேலே மலையில் 3 ஏக்கர் கிராம்பு இருக்கிறது. மனைவி பள்ளி ஆசிரியை, மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. போன வருஷம் தோட்டங்களில் செலவு போக 6 லட்சம் நின்றது. 2 ஏக்கரில் பழைய ரப்பர் மரங்களை வெட்டி விற்றதில் 9 லட்சம் கையில் இருக்கிறது. அதை முன்பணமாகக் கொடுத்து, இரட்டை கேபின் உள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் டீசல் பிக்கப் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறேன். ஆன்ரோடு விலை 31 லட்சம். பாக்கி 22 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 7 வருஷக் கடன் தருகிறார்கள். மலைக்கு ஜீப் வாடகை ஒரு நடைக்கு 2,500 ரூபாய், வருஷம் 40 நடை வரும். ரப்பர் ஷீட்டைக் கடைக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோவுக்குத் தனியாக 10,000 ரூபாய் ஆகிறது. விவசாயத்துக்கு என்று காட்டினால் வரியும் மிச்சம் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். வண்டியில் குறை எதுவும் இல்லை. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்றவை உழைக்கப் பிறந்த வண்டிகள்தான். என் கவலை அந்த 9 லட்சத்தைப் பற்றியது.

அதை நீங்கள் கைக்கு வந்த பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அடுத்த தோட்டத்தின் விதைப்பணமாகத் தெரிகிறது. 2 ஏக்கர் இப்போது வெறும் மண்ணாகக் கிடக்கிறது. குழி எடுத்து, கன்று வைத்து, உரம் போட்டு, களை வெட்டி, பால் வெட்டும் பருவத்துக்குக் கொண்டுவர ஏழு வருஷம் பிடிக்கும். உங்கள் கடனுக்கும் அதே ஏழு வருஷம். அந்த 2 ஏக்கர் ஒரு சிரட்டைப் பால்கூடத் தராத காலம் முழுவதும் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். கன்று வைக்காமல் தள்ளிப்போட்டால் அந்த ஏழு வருஷமும் அப்படியே பின்னால் தள்ளிப்போகும்.

போன வருஷம் நின்ற 6 லட்சத்தையும் அப்படியே நம்பக் கூடாது. மரத்தை வெட்டப்போகிறோம் என்று முடிவானதும் கடைசி ஓரிரு வருஷம் மேலும் கீழுமாகப் பட்டை எடுத்து, இருக்கிற பாலையெல்லாம் வடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அந்தப் பாலும் சேர்ந்துதான் 6 லட்சம். இனி 3 ஏக்கர் ரப்பரும் கிராம்பும்தான். நல்ல வருஷத்தில் 4 லட்சம் நின்றால் பெரிது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

22 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 84 மாதம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 36,000 ரூபாய். வருஷத்துக்கு 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். தோட்டத்தில் வருவது முழுவதும் தவணைக்கே காணாது. வீட்டம்மாவின் சம்பளத்திலும் கை வைக்க வேண்டிவரும். கடன் முடியும்போது வட்டி மட்டும் 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். காப்பீடு, டீசல், சர்வீஸ், இரண்டு முறை டயர் மாற்றுவது எல்லாம் சேர்த்து வருஷம் 2 லட்சம் என்று வைக்கிறேன். ஏழு வருஷம் கழித்து 12 லட்சத்துக்கு விற்றுவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முன்பணம் 9, தவணை 30, ஓட்டும் செலவு 14, மொத்தம் 53 லட்சம். விற்ற 12-ஐக் கழித்தால் 41 லட்சம். ஒரு வருஷத்துக்கு 6 லட்சத்தை ஒட்டி வருகிறது. இப்போது ஜீப்புக்கும் லோடு ஆட்டோவுக்கும் நீங்கள் கொடுப்பது வருஷம் 1 லட்சத்து 10 ஆயிரம்.

குடும்பத்தோடு போய்வரவும் ஆகுமே என்பீர்கள். ஆகும்தான். ஆனால் அந்த வசதியின் விலை வருஷம் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

சரி, விலையை விடுங்கள். வேலையைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: பிக்கப் என்பது பாரத்தையும் கரடுமுரடான பாதையையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் செய்த வண்டி. உங்களுக்கு அந்த இரண்டும் ஒரே நாளில் வருவதே இல்லை. பாரம் என்றால் ரப்பர் ஷீட்டும், சிரட்டையில் உறைந்துபோகும் ஒட்டுப்பாலும். அவை குலசேகரத்துக்குத் தார் ரோட்டில் போகின்றன, லோடு ஆட்டோ போதும். மோசமான பாதை கிராம்பு மலைக்கு. அங்கே பாரமே இல்லை. பறித்துக் காயவைத்தால் பச்சைக் கிராம்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு பருவத்தின் விளைச்சல் முழுவதும் சில சாக்குகளில் அடங்கிவிடும். மலைக்கு மேலே நீங்கள் கொண்டுபோவது ஆட்களையும் அரிசியையும் ஏணியையும்தான்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் கிராம்புத் தோட்டத்துக்கு ஒரு பிப்ரவரியில் போயிருந்தேன். முந்தின இரவு மழை. முன்னால் ஒரு பழைய ஜீப், பின்னால் அவருடைய புது பிக்கப். கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஒரே வெட்டில் திரும்பிவிட்டது. பிக்கப்பின் நீளம் ஐந்தே கால் மீட்டருக்கும் மேல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், மூன்று முறை பின்னால் எடுத்துத்தான் திரும்ப முடிந்தது. பின்பக்கம் காலியாக இருந்ததால், ஃபோர் வீலில் போடும்வரை பின்சக்கரங்கள் செம்மண்ணில் சுழன்றுகொண்டே இருந்தன. கடைசியில் மேலே ஏறிவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது கதவில் பாறை கீறிய கோட்டைத்தான். அன்று முழுவதும் அவர் முகம் சரியில்லை. விலை கூடிய வண்டியை மலைப்பாதையில் மனம் விட்டு ஓட்ட முடிவதில்லை.

அப்புறம் ஓடை. இந்த ரக வண்டிகள் நல்ல ஆழத்திலும் இறங்கும், ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் வரை என்று நிறுவனமே சொல்கிறது. ஆனால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண முழுக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் வராது. அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். எந்த வண்டி வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியை அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

விற்பனையாளர் சொன்ன வரி விஷயம் உங்களுக்குப் பொருந்தாது. தேய்மானம், கடன் வட்டி இரண்டையும் வரியில் கழிக்கலாம் என்பது வரி கட்டும் தொழில்காரருக்கு. ஷீட்டாக அடித்து விற்கும் ரப்பரும் காயவைத்து விற்கும் கிராம்பும் விவசாய வருமானம், அதற்கு வருமான வரியே கிடையாது. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? மனைவியின் சம்பளத்திலிருந்தும் இதைக் கழிக்க வழியில்லை. ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான். பதிவு செய்த வியாபாரிக்குத்தான் அது, சொந்த விளைச்சலை விற்கும் விவசாயிக்கு இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர்களின் சரக்கை ஏற்றித் தவணையைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை, வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். பின்னால் சரக்குப் பகுதியில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போவதை நம் மலையோரத்தில் தினமும் பார்க்கிறோம். அதையும் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ரப்பரின் குணம். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. இலை உதிரும் மாதங்களில் பால்வெட்டு நிற்கும், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மழைக்கும் நிற்கும். தவணை எந்த மாதமும் நிற்காது. 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் அடித்த அந்த ஒரே நாளில் எத்தனை தோட்டங்களில் பால் வெட்டும் மரம் வேரோடு சாய்ந்தது! அப்போது வண்டிக் கடன் வைத்திருந்த சிலர் என்னிடம் வந்து உட்கார்ந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மரமும் இல்லை, தவணையும் நிற்கவில்லை. கடைசியில் அடகுக்குப் போனது வீட்டுப் பெண்களின் நகைதான்.

9 லட்சத்தை என்ன செய்யலாம் என்றால், ஏக்கருக்கு 2 லட்சம் என்று வைத்து மறுநடவுக்கு 4 லட்சத்தை முதலில் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்க் கூலிக்கு இது கூடலாம், குறையலாம். கன்று வைப்பதற்கு முன்பே ரப்பர் வாரிய அலுவலகத்தில் மறுநடவு மானியத்தைக் கேட்டுவிடுங்கள். முதல் மூன்று வருஷம் நிழல் கட்டாது. இடையில் ஏத்தன் (நேந்திரன்) வாழையோ கைதச்சக்கையோ (அன்னாசி) வைத்தால் களைச் செலவாவது கிடைக்கும். மரச்சீனி (மரவள்ளி) மண்ணை உறிஞ்சும், கன்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். 3 லட்சம் வங்கியில் வைப்பாக இருக்கட்டும், வெட்டு நிற்கும் மாதங்களுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதுதான். மீதி 2 லட்சத்தோடு, தவணைக்குப் போக இருந்ததில் மாதம் 12,000 ரூபாயை மட்டும் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். இரண்டரை வருஷத்தில் வட்டியோடு 6 லட்சத்தை நெருங்கும். அதுவரை அந்த ஜீப்காரரே வரட்டும். பாதை தெரிந்த டிரைவர், பழுது செலவு அவருடையது, 2,500 ரூபாய் கூடுதல் இல்லை.

அந்த 6 லட்சத்தில் அப்போது ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் ஜீப்போ பொலேரோ கேம்பரோ பாருங்கள். கடனில்லாமல் வாங்குங்கள். கேம்பர் வாங்கினால் அது சரக்கு வண்டியாகப் பதிவானதாக இருக்கும், தகுதிச் சான்று எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் உள்ள கார் லைசென்ஸே அதற்குப் போதும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

பழைய வண்டி பார்க்கும்போது ஒன்று. நம் மாவட்டத்தில் விற்பனைக்கு வருவதில் பல, கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றிய வண்டிகள். ஐஸ் உருகி உப்புத் தண்ணீராக இரவு பகலாகச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வடிந்திருக்கும். மேலே புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டு, பொரிப்பொரியாகத் துரு முகத்தில் கொட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு ஃபோர் வீல் லோ கியரில் போட்டு ஒரு ஏற்றத்தில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். சமதரையில் ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ள வேண்டாம். முடிந்தால் அந்த ஜீப்காரரையே கூட்டிக்கொண்டு போங்கள், நாள் கூலி கொடுத்தாவது.