நான்கு மாதக் குழந்தையுடன் நாத்தனார் வருகிறார்; தில்லிக் குளிரில் என்ன செய்வது?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் என் நாத்தனாரும் அவர் கணவரும் நான்கு மாதப் பெண் குழந்தையுடன் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து பத்து நாள் தங்குகிறார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி வாங்க வேண்டுமா? ஹீட்டரை இரவு முழுவதும் போடலாமா? பேத்தியைத் தன் ரஜாய்க்குள்ளேயே (கனமான பஞ்சுப் போர்வை) படுக்கவைத்துக்கொள்வேன் என்கிறார் மாமியார். அவருக்கு மூன்று வாரமாக இருமல். தில்லிப் புகைதான் காரணம் என்கிறார். எல்.கே.ஜி. போகும் என் மகனுக்கும் அடிக்கடி சளி பிடிக்கிறது.
– ஒரு வாசகி, தில்லி

பதில்: கருவியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் மாமியாரின் இருமலைக் கவனியுங்கள். புகையால் இருமல் வருவது உண்மைதான். ஆனாலும் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்ட இருமல் என்றால், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். எக்ஸ்ரேவும் எடுத்துவிடுங்கள். குழந்தைக்குப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து பெருமளவு காக்கும். ஆனால் தொற்றே வராது என்று அதை நம்பி இருந்துவிட முடியாது. கைக்குழந்தைக்குத் தொற்றினால் அது நோயாக முற்றும் அபாயம் பெரியவர்களைவிட மிக அதிகம்.

மருமகளான நீங்கள் இதைச் சொன்னால் மனத்தாங்கல் வரக்கூடும். உங்கள் கணவர் சொல்லட்டும், அவரே அழைத்துப் போகட்டும். பேத்தியைத் தயக்கமில்லாமல் தூக்கிக் கொஞ்சுவதற்காகத்தான் இந்தப் பரிசோதனை என்று சொன்னால் எந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார். நாத்தனார் ரயில் ஏறுவதற்கு முன்பே முடிவு கையில் இருக்க வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். இல்லை என்று வந்தாலும், இருமல் அடங்கும்வரை குழந்தையைத் தூக்கும்போது அவர் முகக்கவசம் அணியட்டும். கக்குவான் இருமல் பெரியவர்களுக்கும் வரும். அவர்களிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும். கக்குவானையும் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிகள், ஆறு, பத்து, பதினான்காவது வாரத்தில் போடுபவை, மூன்றும் போட்டாகிவிட்டனவா என்று நாத்தனாரிடம் இன்றே கேளுங்கள்.

உங்கள் மகனின் சளியையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அவனுக்கு வெறும் மூக்கொழுகலாக முடிந்துவிடும் ஆர்.எஸ்.வி. வைரஸ், நான்கு மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம். பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே பாப்பாவிடம் போகட்டும். முகத்தில் முத்தம் கொடுக்காமல், பாதத்தைப் பிடித்து விளையாடச் சொல்லிக் கொடுங்கள். வருகிற விருந்தினர் எல்லோருக்கும் இதுவே விதி.

அடுத்தது ரஜாய். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் தில்லிக் குளிரைக் கண்டு மிரண்டுபோய்க் குழந்தையைத் துணியால் மூட்டை கட்டிவிடுவதைப் பார்க்கிறேன். நான்கு மாதக் குழந்தையால் முகத்தின் மேல் விழும் கனமான ரஜாயைத் தள்ளிவிட முடியாது. ஆகவே பெரியவர்களின் ரஜாய்க்குள் அவளைப் படுக்கவைக்கவே கூடாது. அம்மாவின் அறையிலேயே, அழுத்தமான தனி மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாந்து தூங்கட்டும். நீங்கள் உடுத்துவதைவிட ஓர் அடுக்கு அதிகமாக உடுத்தினால் போதும். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும். பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றிவிடுங்கள்.

மின்சார ஹீட்டரைப் படுப்பதற்கு முன் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும்போது அணைத்துவிடுங்கள். அங்கீட்டி என்னும் கரியடுப்பில் கரி மூட்டி அறைக்குள் வைக்கும் வழக்கம் அக்கம்பக்கத்தில் இருக்கலாம். உங்கள் வீட்டில் ஒரு நாளும் வேண்டாம். மூடிய அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே குடும்பத்தோடு மடிந்தவர்களைப் பற்றிய செய்தி வராத தில்லிக் குளிர்காலம் இல்லை. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் ஆபத்து அதேதான். வாளியில் வெந்நீரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டுங்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவதைப் பாட்டி கட்டாயம் சொல்வார். கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். வெறும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடட்டும். தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் போதும்.

இனி கருவி. வசதியிருந்தால் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக வாங்கிக் குழந்தை தூங்கும் அறையில் வையுங்கள், பலன் உண்டு. அதை ஓடவிட்டுக்கொண்டே சாம்பிராணியும் கொசுவர்த்தியும் ஏற்றினால் வீண்செலவு. மார்கழி மாதம் என்பதால் விடியற்காலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு எல்லோரும் கிளம்புவீர்கள். குழந்தையும் அவள் அம்மாவும் வீட்டில் இருக்கட்டும். இரவுக் குளிரில் தரையோடு படிந்துவிட்ட புகை வெயில் ஏறிய பிறகுதான் கலையும். புகை குறைந்த நாளாகப் பார்த்து, மதியம் மொட்டைமாடியில் வெயில் காட்டுங்கள்.

ரயிலில் வரும்போது குழந்தையின் ஸ்வெட்டர், குல்லாய் இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போபால் தாண்டினால் குளிர் தெரியும். பனிமூட்டத்தில் வண்டி மணிக்கணக்கில் தாமதமாகலாம்.

சளி பிடித்துவிட்டால், குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. உங்கள் பகுதிக்கு கீதா காலனியில் உள்ள சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனை பக்கம். போகும் வழியை உங்கள் கணவர் இப்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் 112ஐ அழையுங்கள்.