வாசகர் கேள்வி - பதில்: திருமுழுக்கு ஒன்று, சபைகள் பல

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். என் மகள் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையனை மணக்க விரும்புகிறாள். நல்ல பையன், தெரிந்த குடும்பம். ஆனால் என் அண்ணன், ‘பையன் நம் கோவிலுக்கு மாறினால்தான் திருமணம்’ என்கிறார். பையனின் பெரியம்மாவோ, ‘பெண் எங்கள் சபைக்கு வரட்டும், ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம்’ என்கிறார். திருமணத்தன்று இரு வீட்டாரும் சேர்ந்து நற்கருணை பெற வேண்டும் என்பது மகளின் ஆசை. இவற்றில் எது நடக்கும், எது நடக்காது?

பதில்: சகோதரி, பெரியம்மாவின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகள் குழந்தையாக இருந்தபோதே தண்ணீரினால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்குப் பெற்றவள். அதை மெதடிஸ்ட் சபை ஞானஸ்நானமாகவே ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறே பையன் தன் சபையில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்கிறது. அவர் என்றாவது தாமாக விரும்பிக் கத்தோலிக்கரானாலும், விசுவாச அறிக்கை செய்து சேர்த்துக்கொள்ளப்படுவாரே தவிர, அவர் தலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றப்படாது. உங்கள் அண்ணனிடமும் பெரியம்மாவிடமும் இதை ஒரே நாளில் சொல்லுங்கள். இரு பிள்ளைகளும் கிறிஸ்துவுக்குள் ஏற்கெனவே சகோதரர்களாக இருக்கும்போது, ஒருவரை மற்றவர் ‘மாற்றுவது’ என்ற பேச்சு ஏன் எழுகிறது என்று அவர்களே யோசிக்கட்டும்.

திருமணத்துக்கு மதமாற்றம் தேவையில்லை. உங்கள் பங்குத் தந்தையின் வழியாகப் பேராயரின் அனுமதி பெற வேண்டும். அப்போது உங்கள் மகள், தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளரத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குறுதி தருவாள். பையனுக்கு இது தெரிவிக்கப்படும், அவ்வளவுதான். முற்காலத்தில் அவரும் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த ஏற்பாட்டை மாற்றினார். மெதடிஸ்ட் ஆலயத்திலேயே திருமணம் நடக்க வேண்டுமென்று இரு வீட்டாரும் தீர்மானித்தால், தகுந்த காரணத்தைக் காட்டி அதற்கும் விலக்குப் பெறலாம். போதகரும் பங்குத் தந்தையும் ஒன்றாக நின்று ஜெபிக்கலாம், வாசகம் வாசிக்கலாம், ஆசி கூறலாம். ஆனால் சம்மதத்தைக் கேட்டுப் பெறுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். காலையில் ஒரு கோவிலில் ஒரு திருமணம், மாலையில் இன்னொரு கோவிலில் இன்னொரு திருமணம் என்று உறவினர்களைத் திருப்திப்படுத்தும் யோசனையைத் திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடவுள் முன்பு ஒருமுறை கொடுத்த வார்த்தையை மறுமுறை கொடுப்பதற்கில்லை என்பதே காரணம்.

மகளின் ஆசைதான் எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் அது இன்று நிறைவேறாது. மெதடிஸ்ட் சபையின் நற்கருணைப் பந்தி பொதுவாகப் பிற சபையினருக்கும் திறந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ, மிகச் சில சூழ்நிலைகளைத் தவிர, தன்னோடு முழு உறவில் இல்லாத சபையினருக்கு நற்கருணை வழங்குவதில்லை. தன் மக்கள் அங்கே சென்று பெறவும் அனுமதிப்பதில்லை. என் தந்தை பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்து லுத்தரன், தாய் கத்தோலிக்கர். புடு புனித அந்தோணியார் கோவிலில் நற்கருணைக்கு வரிசை நகரத் தொடங்கியதும் அப்பா பெஞ்சில் அமர்ந்தபடியே முழங்கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கி அம்மாவுக்கும் எங்களுக்கும் வழிவிடுவார். நாங்கள் திரும்பி வரும்வரை அவர் கைகள் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்த ஒதுங்கிய முழங்கால்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. கிறிஸ்தவர்களுக்கிடையே பிளவு என்றால் என்ன என்பதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை.

ஆகவே நான் சொல்லக்கூடியது இதுதான்: திருமணத்தை நற்கருணை வழங்கப்படும் திருப்பலியோடு சேர்க்காமல் இறைவாக்கு வழிபாடாக நடத்துங்கள். கத்தோலிக்க முறையிலேயே அதற்கு இடமுண்டு. முதல் நாளிலேயே ஒரு வீட்டார் எழுந்து போக மற்றொரு வீட்டார் உட்கார்ந்திருக்கும் காட்சி வேண்டாம். பிள்ளைகளை எந்தக் கோவிலில் வளர்ப்பது என்பதை மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்க விடாதீர்கள். மகள் கொடுக்கும் வாக்குறுதியின் கனத்தைப் பையன் முழுமையாக அறிந்து, தன் மனச்சாட்சி சொல்வதையும் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். அந்தப் பேச்சு கடினமாகத்தான் இருக்கும், ஆனால் தொட்டிலின் பக்கத்தில் நின்று பேசுவதைவிட நிச்சயத்துக்கு முன் பேசுவது எளிது.

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு துக்கம். இறந்தவர் மெதடிஸ்ட், மனைவி வழி உறவினர் கத்தோலிக்கர். எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கத் தொடங்கியபோது ஒரு பெரியவர், ‘அவரவர் ஜெபத்தை அவரவர் தனியாகச் சொல்லுங்கள்’ என்று நிறுத்திவிட்டார். சேர்ந்து ஜெபிப்பது தவறா?

பதில்: தவறில்லை. அந்தப் பெரியவரைக் குறை சொல்லவும் வேண்டாம்; அவர் சிறுவயதில் கேட்டதைச் சொல்லியிருப்பார். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் கத்தோலிக்கர்கள் பிற சபையினரின் வழிபாட்டில் பங்குபெறுவது பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய சங்க ஏடு, பிரிந்திருக்கும் சகோதரர்களோடு சேர்ந்து ஜெபிப்பது அனுமதிக்கத்தக்கது மட்டுமல்ல, விரும்பத்தக்கதும் என்று கூறியது. அதற்குப் பிறகும் பழைய பயம் துக்க வீடுகளில் தங்கியிருக்கிறது.

உண்மையான தடை வேறொன்று, அது மொழி. அண்மையில் கோலாலம்பூரில் ஒரு துக்க வீட்டில், வாசலில் போட்ட கூடாரத்தின் கீழ் நாங்கள் எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினோம். பாதிப் பேர் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றார்கள், பாதிப் பேர் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றார்கள். ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்பதும் ‘உமது ஆட்சி வருக’ என்பதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஒவ்வொருவரும் தம் சொற்களைப் பாதுகாக்கக் குரலைத் தாழ்த்தினார்கள். ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்’ என்று கத்தோலிக்கர்கள் ஆமென் சொல்லி நிறுத்த, மற்றவர்கள் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்று தொடர்ந்தார்கள். எனக்கு முன்னால் செபமாலையைக் கையில் சுற்றியிருந்த ஒரு மூதாட்டி, முடித்துவிட்டோமே என்று விழித்தவர், பொறுத்திருந்து அவர்களோடு சேர்ந்து இரண்டாம் முறையும் ஆமென் சொன்னார். அந்த வரியைக் கத்தோலிக்கர்களும் திருப்பலியில் சொல்கிறார்கள். நடுவில் குரு ஒரு சிறு மன்றாட்டைச் சொல்வதால் அது தனியாகிவிடுகிறது, அவ்வளவே.

நம்மவர்கள் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறோம்: ஞானஸ்நானம் - திருமுழுக்கு, பரிசுத்த வேதாகமம் - திருவிவிலியம், கர்த்தர் - ஆண்டவர். பழைய கத்தோலிக்க நூல்களில் யோவான் ‘அருளப்பர்’ என்றும் பவுல் ‘சின்னப்பர்’ என்றும் இருந்ததை இளையவர்கள் அறியமாட்டார்கள். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் அதை ஆலயத்தில் வாசிக்கிறார்கள். பிற சபையினர் பெரும்பாலோர் பழைய மொழிபெயர்ப்பை விடவில்லை, மனப்பாடமாக இருக்கும் வசனங்களை யாரும் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. துக்க வீட்டுக்கு நான் சொல்லும் வழி சிறியது: ஜெபத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள், எந்த வடிவமானாலும் சரி. வீட்டுக்காரர் எந்தச் சபையோ அந்தச் சபையின் வடிவத்தை அன்று எல்லோரும் சொல்லட்டும்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். பெந்தெகொஸ்தே நண்பர்கள், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடியும் மூழ்கி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒற்றுமைக்காக எடுத்துவிடலாமா?

பதில்: ஒற்றுமைக்காக எடுக்காதீர்கள். உங்கள் நண்பர்கள் உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. விசுவாசித்த பிறகு பெறுவதே ஞானஸ்நானம் என்று நம்புவதால், அவர்கள் கணக்கில் இது இரண்டாவது அல்ல, முதலாவது. ஆனால் 1982இல் பெரு நாட்டின் லீமாவில் உலகச் சபைகள் மன்றத்தின் இறையியலாளர்கள் ஏற்றுக்கொண்ட அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத செயல் என்று கூறுகிறது. நீங்கள் மறுபடியும் மூழ்கினால், உங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன் நின்ற உங்கள் பெற்றோரின் விசுவாசத்தைப் பொய்யென்று சொன்னதாகிவிடும். அவர்களுடைய ஜெபக் கூட்டத்துக்குத் தாராளமாகச் செல்லுங்கள், சேர்ந்து பாடுங்கள், வேதத்தைப் படியுங்கள். இந்த ஒன்றில் மட்டும் ‘நான் ஏற்கெனவே பெற்றவன்’ என்று அன்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதைப் போல, இங்கு மலேசியாவிலும் தமிழ்ச் சபைகள் ஒன்றாக முடியாதா?

பதில்: அந்த இணைப்பு ஒரே நாளில் நடந்ததல்ல. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர், அவர்களில் ஏறக்குறைய அனைவரும் இந்தியர், கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மீது சுமத்தப்பட்டவை, இவற்றை நீடிக்கவும் நாங்கள் விரும்பவில்லை என்பது அதன் சாரம். முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. ஆயர்கள் வேண்டுமா, வேண்டாமா, ஆயரால் அபிஷேகம் பெறாத போதகரின் ஊழியம் செல்லுமா என்ற கேள்விகளிலேயே 28 ஆண்டுகள் கழிந்தன. யாருடைய ஊழியத்தையும் செல்லாததாக்காமல், இனி வருபவர்களை மட்டும் ஆயர்கள் அபிஷேகம் செய்வார்கள் என்று முடிவு செய்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்தார்கள். அசரியா 1945 புத்தாண்டு நாளன்று காலமாகியிருந்தார். தமிழ் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் அதில் சேரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இங்கே அப்படியொரு இணைப்பு நம் காலத்தில் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. நம் சபைகள் தமிழரை மட்டும் கொண்டவை அல்ல. சீனரையும், கிழக்கு மலேசியப் பூர்வகுடிகளான ஈபான், கடசான் மக்களையும் கொண்ட சபைகளிலிருந்து தமிழரை மட்டும் பிரித்தெடுத்து ஒன்றாக்குவது இன்னொரு பிளவாகும். ஆனால் செய்யப்பட்டவை சிறியவை அல்ல. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் 1979இல் ஒன்றாகத் தொடங்கிய இறையியல் கல்லூரி இன்று சிரம்பானில் இயங்குகிறது. கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைகள் மன்றம், சுவிசேஷ ஐக்கியம் ஆகிய மூன்றும் 1985 முதல் ஒரே கூட்டமைப்பில் அமர்கின்றன. தலைவர்கள் சந்திக்கிறார்கள், சபையார் சந்திப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் லுத்தரன் சீயோன் ஆலயமும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில்தான் இருக்கின்றன. ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல பகுதிகளில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு மாலையாவது உங்கள் பாடகர் குழுவை அடுத்த ஆலயத்துக்கு அழைத்துச் செல்ல உங்கள் போதகரிடம் கேளுங்கள். கடிதத்தை டிசம்பர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் வேலையில் மறந்துவிடுவார்கள்.