‘நிக்சன்’ படத்தில் கற்பனைக் காட்சிகள் ஏன்?

வாழ்க்கை வரலாற்றுப் படம் என்றால், நிஜ மனிதர் ஒருவரின் வாழ்க்கையை நடிகர்களை வைத்துக் கதையாகச் சொல்வது. ஆலிவர் ஸ்டோன் 1995இல் எடுத்த ‘நிக்சன்’ அப்படிப்பட்டதுதான். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனாக ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்தார்.

சரி, கற்பனை எதற்கு? பதிவுகள் எவ்வளவு இருந்தாலும் மனக்குமுறல் அவற்றில் கிடைக்காது. நிக்சன் தன் அலுவலகப் பேச்சையே ஒலிநாடாவில் பதிந்து வைத்தவர். அதிலும் 1972 ஜூன் 20ஆம் தேதி நாடாவில் 18½ நிமிடம் வெறும் இரைச்சல்தான்! பதிவுகள் பழைய குடும்பப் போட்டோ மாதிரி. முகங்கள் தெரியும். அதை எடுப்பதற்கு முன் நடந்த சண்டை தெரியாது. அந்தச் சண்டையைத்தான் இயக்குநர் ஊகித்து எழுதுகிறார். அப்படி ஊகித்த தனிமையும் பயமும்தான் இந்தப் படத்தின் உயிர் என்பேன்.