மாதவிலக்கு நிற்கும் முன்பே வரும் மனக்கலக்கம் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

எனக்கு வயது 47. மாதவிலக்கு முறைதவறி வருகிறது, ஆனால் இன்னும் நிற்கவில்லை. நள்ளிரவில் வியர்த்து விழித்தால் பிறகு உறக்கமில்லை. அற்பக் காரணங்களுக்குக் கத்திவிட்டுத் தனியே அழுகிறேன். ஹார்மோன் பரிசோதனை முடிவு சரியாகவே இருக்கிறதாம். அப்படியானால் கோளாறு என் குணத்தில்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் சந்தேகியுங்கள். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில், பெண்களின் முக்கிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஏறியும் சரிந்தும் அலைபாய்வதால், ஒருநாள் எடுத்த ரத்தம் அந்நாளின் அளவை மட்டுமே சொல்லும். ஆகவேதான் 45 வயதைக் கடந்தவர்களுக்கு, மாதவிலக்கின் போக்கையும் அறிகுறிகளையும் கேட்டே மருத்துவர்கள் பெரும்பாலும் முடிவுக்கு வருகிறார்கள். தொடர்ந்து 12 மாதங்கள் வராமலிருந்தால்தான் மாதவிலக்கு நின்றதாகக் கணக்கு. மனக்கலக்கமோ அதற்கு முன்பே தொடங்கிவிடக்கூடும்.

மனநிலையைப் பேணும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாட்டில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. அந்த அலைக்கழிப்போடு இரவு வியர்வை உறக்கத்தையும் கெடுக்கும்போது, எவ்வளவு பொறுமைசாலியும் எரிந்துவிழத்தான் செய்வார். பிரசவத்துக்குப் பின்னோ, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலோ முன்பு கடும் மனச்சோர்வு வந்திருந்தால் இப்போதும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேடத்தில் வரும். அவற்றைச் சோதிப்பது வீணல்ல.

'எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே' என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. பிரசவமும் எங்கும் நடப்பதுதான், அதற்காக மருத்துவ உதவி வேண்டாம் என்கிறோமா? ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை மீதான அச்சம் பெரிதும் 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63, உங்கள் வயதைவிட மிகக் கூடுதல். அறுபதுக்குட்பட்ட, மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்திராத பலருக்கு ஆபத்தைவிட நன்மையே கூடுதல் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. அது ஒவ்வாதவர்களுக்கு மனச்சோர்வு மருந்துகளும், எண்ணப்போக்கையும் பழக்கங்களையும் சீராக்கும் உளவியல் சிகிச்சையும் இருக்கின்றன.

மருத்துவரிடம் மறுபடி செல்லும்போது மாதவிலக்குத் தேதி, உறக்கம், மனநிலை மூன்றையும் நாள்தோறும் குறித்த தாளைக் கொண்டுசெல்லுங்கள். எதிலும் பிடிப்பின்றி இரண்டு வாரங்கள் கடந்தால் அந்தக் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் அன்றே மருத்துவ உதவி நாடுங்கள்.