தறிக்கொட்டகை வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன்ஸ் படிப்பு சரிப்படுமா?

அன்புள்ள ஐயா,

ஆந்திரத்தின் நகரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் கேள்வி ஒன்று, கவலை மூன்று. பி.காம். முடித்து, சென்னையில் எம்.பி.ஏ. முதலாண்டையும் முடித்துவிட்ட மகள், மூன்றாம் பருவத்தில் சிறப்புப் பாடமாக ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். "தறிச் சத்தத்திலிருந்து தப்பட்டும் என்றுதான் படிக்க வைத்தேன்; அவளோ திரும்ப மெஷின் பக்கமே போகிறாள்" என்று வருந்துகிறீர்கள். ஃபைனான்ஸ் எடுத்தால் வங்கி, எச்.ஆர். எடுத்தால் ஏ.சி. அறை என்று உறவினர்கள் ஓதுவது வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கட்டும். ஆனால் ஃபைனான்ஸைக் கைவிட்டு வேண்டாம். இரண்டு சிறப்புப் பாடங்களுக்குக் கல்லூரி இடம் கொடுத்தால், இரண்டையும் சேர்த்து எடுக்கட்டும்.

இந்தப் படிப்பில் மெஷினைக் கழற்றி மாட்டச் சொல்லித் தருவதில்லை. அது பொறியாளர் வேலை. வேலை எங்கே தேங்குகிறது, சரக்கு ஏன் குவிகிறது, ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு பணம் போகிறது என்று கணக்குப் போடுவதே இங்கே பாடம். உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்த தறியில், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்குப் பல கொட்டகைகளுக்கும் பொதுவாக ஓர் ஆள். ஒரே நாளில் நான்கு தறிகளில் பாவு தீர்ந்தால், மூன்று தறிகள் சும்மா நிற்கும். தறி இருக்கிறது, நூல் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. துணி மட்டும் வராது.

ஒரு பாவு பிணைக்கச் சராசரியாக 4 மணி நேரம் என்று வையுங்கள். தறிகளில் பாவு தீரும் நேரமோ முன்பின்னாக, ஒழுங்கின்றி வருகிறது. வரிசைகளைப் பற்றிய எளிய பாடநூல் கணக்கின்படி, அந்த ஆளுடைய வேலை நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் ஒரு தறி சராசரியாக 16 மணி நேரம் காத்திருக்கும். 95 விழுக்காடு நிரம்பினால் 76 மணி நேரம். ஆளைச் சும்மா உட்காரவிடக் கூடாது என்று நினைக்கிற முதலாளி, தன் தறிகளைச் சும்மா நிற்க வைக்கிறார்! பாவு தீரும் நாள்களை முன்கூட்டியே கணித்துத் தள்ளித் தள்ளி அமைத்தால், இன்னோர் ஆளை வைக்காமலே இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். உங்கள் மகள் இதைத்தான் படிக்கப்போகிறாள். நீங்கள் அனுபவத்தில் அறிந்ததற்கு அவள் எண்களைப் போட்டுக் காட்டுவாள்.

இன்னொரு கணக்கு. 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது. உங்களிடம் சாயத்துக்குப் போனது முதல் மடித்துக் கட்டுவது வரை, முடியாத நிலையில் 600 சேலைகளுக்கான சரக்கு இருக்கிறது; நாளொன்றுக்கு 30 சேலைகள் வெளியே போகின்றன என்றால், சராசரியாக ஒரு சேலைக்கான நூல் உங்கள் கையில் 20 நாள் தங்குகிறது. அந்த 20 நாளுக்கும் பணம் முடங்கிக் கிடக்கிறது, வட்டி ஓடுகிறது. பி.காம். படித்தவர் இந்த இடத்தில்தான் பொறியாளரை முந்துகிறார். தாமதத்தை ரூபாயாக மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரியும். ஃபைனான்ஸையும் விட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆலைக்கு வெளியேயும் இதே படிப்புதான் ஓடுகிறது. நீங்கள் திருமலைக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். வைகுண்டம் வரிசை வளாகத்தின் அறைகளில் உட்கார்ந்திருந்த அனுபவமும் இருக்கும். நேரம் குறித்த டோக்கன் கொடுப்பதால் மட்டும் ஒரு மணி நேரத்தில் தரிசனம் செய்வோர் எண்ணிக்கை கூடிவிடாது. காத்திருப்பை அறைக்குள்ளிருந்து விடுதிக்கும் கடைத்தெருவுக்கும் மாற்றுகிறார்கள். அதுவே கூட்ட நெரிசலில் பெரிய வித்தியாசம். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். மருத்துவரின் நேரம்தான் அங்கே மிகவும் அரிது. மற்ற வேலைகள் எல்லாம் அதைச் சுற்றி அமைக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவமனை, வங்கியின் பின்னணிப் பணிகள், கூரியர், ஆன்லைன் விற்பனையின் கிடங்கு என எல்லாவற்றுக்கும் இந்த ஆள்கள் வேண்டும்.

இனி கசப்பான பகுதி. உற்பத்திப் பிரிவின் நேரடிப் பொறுப்புகளுக்குப் பல நிறுவனங்கள் பொறியியல் பட்டம் பெற்று எம்.பி.ஏ. முடித்தவர்களையே தேடுகின்றன. பி.காம். பின்னணியோடு அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் காலம் போகும். கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல், சரக்கிருப்பு, போக்குவரத்து, செலவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் குறிவைக்கட்டும். தொடக்கச் சம்பளம் சில சமயம் ஃபைனான்ஸ் தோழிகளைவிடக் குறைவாகத் தெரியலாம். அதைப் பார்த்து உறவினர்கள் பேசுவார்கள், பேசட்டும்.

பெண் பிள்ளை, இரவு ஷிப்ட் என்ற பயம் உங்களுக்கு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப் பணியைக் கட்டுப்படுத்தியிருந்தது. பிறகு பெண்ணின் சம்மதம், பாதுகாப்பு, போக்குவரத்து வசதி போன்ற நிபந்தனைகளோடு மாநிலங்கள் தளர்த்தி வந்திருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை பகல் நேரத்தவை. சேர்வதற்கு முன் ஷிப்ட் முறை, வண்டி வசதி, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு ஆகிய மூன்றையும் அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் கூடப் போய் நின்று கேட்க வேண்டாம் ஐயா.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறொன்று. விவரப் புத்தகத்தில் ஆபரேஷன்ஸ் என்று அச்சிட்டிருப்பதும், அந்தப் பாடம் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல. சேரும் மாணவர்கள் குறைவாக இருந்தால் சில கல்லூரிகள் அந்த விருப்பப் பாடத்தைத் திறப்பதே இல்லை. கடைசி நேரத்தில் மார்க்கெட்டிங்குக்கு மாற்றிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் எடுத்தார்கள், பாடம் நடத்தியவர் ஆலை அனுபவம் உள்ளவரா, அவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று மேல் வகுப்பு மாணவர்களிடம் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் கேட்டால் புன்னகைதான் கிடைக்கும்.

கோடைக்காலப் பயிற்சியை இன்னும் உறுதிசெய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், சிறப்புப் பாடத்தைவிட இதற்குத்தான் எடை அதிகம். "ஊழியர் மனநிறைவு பற்றிய ஆய்வு" என்று நூறு கேள்வித்தாள் நிரப்பி, வட்டப் படம் வரைந்து கொடுக்கும் பயிற்சியால் யாருக்கும் பயனில்லை. ஒரு கிடங்கிலோ ஆலையிலோ ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, லாரி உள்ளே வந்த நேரம், சரக்கு இறங்கத் தொடங்கிய நேரம், வெளியேறிய நேரம் என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறிக்கட்டும். ஆறு வாரம் அந்தக் கணக்கைக் குறித்தவளிடம் நேர்காணலில் இருபது நிமிடம் பேசத் தேவையான விஷயம் இருக்கும். பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காவிட்டால் புத்தூரிலோ ஏகாம்பரகுப்பத்திலோ ஒரு சாயப்பட்டறையாக இருந்தாலும் போதும். உங்கள் சொந்தக் கொட்டகை மட்டும் வேண்டாம்; அப்பாவிடம் வாங்கிய சான்றிதழை எவரும் மதிப்பதில்லை.

கணினியில் எக்செல் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதில், பல வழிகளில் சிறந்ததைக் கணக்கிட்டுத் தரும் சால்வர் என்ற வசதியைப் பயன்படுத்தப் பழகட்டும். இரண்டு வார இறுதிகளில் "சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட்" என்ற தர மேம்பாட்டு நிபுணர் சான்றிதழைத் தருகிறோம் என்று பல்லாயிரம் ரூபாய் கேட்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அனுபவமில்லாத கையில் அந்தச் சான்றிதழைப் பார்த்தால் ஆலைக்காரர்கள் சிரிப்பார்கள்.

தெலுங்கு மாநிலத்துப் பெண்ணைத் தமிழ்நாட்டில் எடுப்பார்களா என்பது உங்கள் கடைசிச் சந்தேகம். தனியார் வேலையில் அது தடையே இல்லை. ஒரு பக்கம் சத்தியவேடு, ஸ்ரீசிட்டி வட்டாரத்தில் இசுசு, டைகின், ஹீரோ, அப்பல்லோ டயர்ஸ் ஆலைகள். மறுபக்கம் கும்மிடிப்பூண்டியும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும். உதிரிபாகம் தருபவர் ஒரு மாநிலத்தில், வாங்கும் ஆலை மறு மாநிலத்தில் என்பது இங்கே அன்றாட நிலை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தவள், லாரி ஏன் வரவில்லை என்று இரு பக்கமும் போன் செய்து அவரவர் மொழியிலேயே கேட்டுவிடுவாள். தன்விவரக் குறிப்பில் மொழிகளைக் கடைசி வரியில் போடாமல், மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், கல்லூரியில் இரட்டைச் சிறப்புப் பாடம் உண்டா என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால், ஃபைனான்ஸில் எந்த இரண்டு பாடங்களை விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாடப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.